பொது வைஃபையின் புவியியல்: தூண்வழி ஒரு முன்னாய்வு

பொது இடங்களில் கிடைக்கும் வைஃபையை வரைபடத்தில் குறிப்பது எளிது என்பார் உளர். பெட்டி எங்கே தொங்குகிறதோ அங்கே ஒரு புள்ளி வைத்தால் போயிற்று என்பது அவர்கள் கட்சி. அது பொருந்தாது. என்னை எனின், பெட்டி இருக்கும் இடம் வேறு, இணையம் இருக்கும் இடம் வேறு. பெட்டிக்கு நேர் கீழே நின்றும் ஒரு குட்மார்னிங் படம்கூட இறங்காமல் ரயிலேறியவர்கள் இந்நாட்டில் ஏராளம். அந்த இடைவெளியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். களம், தமிழ்நாட்டு ரயில் நிலையங்களும் அவற்றை ஒட்டிய டீக்கடைகளும். விமான நிலையங்கள் விலக்கப்பட்டன. அங்கே விற்கும் டீயின் விலை இவ்வாய்வின் நிதிநிலைக்கு ஒவ்வாது.

முன்னோர் இத்துறையில் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய விகிள் என்னும் தொகுப்பில், தன்னார்வலர்கள் காரிலும் கால்நடையாகவும் சுற்றித் தெருவில் பிடிபட்ட வைஃபைகளையெல்லாம் பதிந்தார்கள். இன்று அதில் நூறு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. லண்டனில் 2002இல் மாட் ஜோன்ஸ் என்பவர் இன்னும் சிக்கனமான வழியைக் கண்டார். வைஃபை கிடைக்கும் இடத்தின் சுவரிலோ நடைபாதையிலோ சாக்பீஸால் ஒரு குறி. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு அரைவட்டம் என்றால் திறந்த வைஃபை, ஒரு முழுவட்டம் என்றால் பூட்டிய வைஃபை. நல்ல முறைதான். ஆனால் நம் மண்ணில் செல்லாது. வாசலில் பாதி வட்டத்தைக் கண்ட எந்தப் பாட்டியும் அதை அப்படியே விட்டுவிட்டுப் போகமாட்டார், முழுசாக்கிவிட்டுத்தான் உள்ளே போவார். திறந்த வைஃபை அக்கணமே பூட்டிய வைஃபை ஆகிவிடும். மறுநாள் காலை சாணி தெளிக்கும்போது அதுவும் போய்விடும்.

இதனிடையே நம் கைபேசி நம்மைக் கேட்காமலே வரைபட வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வைஃபைப் பெட்டிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. எந்த எண் எந்தத் தெருவில் என்று கூகுளும் ஆப்பிளும் பெரும் பேரேடு வைத்திருக்கின்றன. நாம் வைஃபையைத் தேடுகிறோம். வைஃபையை வைத்து நாம் நிற்கும் இடத்தைக் கைபேசி தேடிக்கொண்டிருக்கிறது. இருவரில் அது மட்டுமே வெற்றி பெறுகிறது.

இனி அளவை. வைஃபையின் வலிமையை டிபிஎம் என்ற அலகால் அளப்பர். நல்லதும் கெட்டதும் இதில் எப்போதும் சைபருக்குக் கீழேதான். −30 என்றால் பெட்டி ஏறக்குறைய மடியில் இருக்கிறது. −90 என்றால் பெயர் மட்டும் தெரியும், மற்றதற்கு இறைவன் துணை. இந்த எண்ணைக் குறைப்பவை இரண்டு. ஒன்று தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே விழுங்கும், மனித உடம்போ பெரும்பகுதி தண்ணீர். ஆகவே பாசஞ்சர் வந்து நின்று நடைமேடை நிறைந்ததும் சிக்னல் மெலிவது இயற்பியல். மற்றது இரும்பு. பெட்டி திருடு போகக்கூடாது என்று அதைக் கம்பிவலைக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டுவது சில இடங்களில் வழக்கம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய பன்னிரண்டரை சென்டிமீட்டர். கூண்டுக் கண்ணோ விரல் நுழையாத அளவு. பெட்டியோடு அலையின் பெரும்பகுதியும் களவு போகாமல் உள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

இவையெல்லாம் சிறு தடைகள். பெருந்தடை ஓடிபி.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் கடவுச்சொல் இல்லாத ஒரு வீட்டு வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. 2009இல் தொலைத்தொடர்புத் துறை, பொது வைஃபையில் நுழைபவர் யார் என்பது பதிவாக வேண்டும் என்று உத்தரவிட்டது. காரணம் நியாயமானது, அதில் விளையாட்டில்லை. விளைவைத்தான் ஆராய்கிறோம். வைஃபை வேண்டுமானால் கைபேசி எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வரும். எஸ்எம்எஸ் வர டவர் வேண்டும். டவர் நன்றாக இருந்தால் 4ஜி ஓடும்; 4ஜி ஓடினால் வைஃபை எதற்கு?

இங்கேதான் இக்கட்டுரையின் கருதுகோள் பிறக்கிறது. நிலையத்தை மூன்றாகப் பகுக்கலாம். டவர் செழிப்பாக உள்ள பகுதியில் வைஃபை தேவையில்லை. டவரே இல்லாத பகுதியில் ஓடிபி வராது. இரண்டுக்கும் நடுவே, டேட்டா ஓடாது ஆனால் எஸ்எம்எஸ் மட்டும் தத்தித் தத்தி வந்துசேரும் என்ற ஒரு மெல்லிய நிலத்துண்டு உண்டு. எஸ்எம்எஸ் தொலைபேசியின் சமிக்ஞைத் தடத்திலேயே பயணிப்பதால் அதற்கு ஒற்றைக்கோடு சிக்னல் போதும். அத்துண்டின் மேல் வைஃபை வட்டமும் விழுமானால் அதுவே உண்மையான பொது வைஃபை இடம். பெரும்பாலும் அது ஒரு தூணின் நிழலளவே இருக்கும். கருவிகள் அதைக் காட்டா. சைக்கிள் ஸ்டாண்டு வாட்ச்மேன் காட்டுவார்: “அந்த மூணாவது தூணுக்கு அந்தாண்ட போய் நில்லுங்க சார், அங்கதான் எல்லாரும் நிப்பாங்க.” தரைச்சான்று என்பது இதுவே.

அத்தூணடியையும் ஒரு திணையாகக் கொண்டால், அதன் முதற்பொருள் நடைமேடையும் ரயில் தாமதமும். கருப்பொருள் பிளக் பாயிண்ட், சிமெண்ட் பெஞ்சு, பெஞ்சின் அடியில் நாய். உரிப்பொருளில்தான் கருத்துவேறுபாடு. ஓடிபி வருமென ஆற்றியிருப்பதால் முல்லை என்பர் ஒருசாரார். முப்பது நொடி கழிந்து ‘மீண்டும் அனுப்பு’ ஒளிரும்போது திணை நெய்தலாகத் திரியும் என்பர் மற்றொரு சாரார். பின்னவர் கூற்றே அனுபவத்துக்கு ஒத்தது.

ஆனால் அந்தத் தூணுக்கும் இப்போது கூட்டமில்லை. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் ரயில்டெல்லும் கூகுளும் இலவச வைஃபை தொடங்கியபோது அது செய்தி. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது. 2020இல் கூகுள், டேட்டா மலிந்துவிட்டது என்று சொல்லி விலகிக்கொண்டது. ரயில்டெல் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட நிலையங்களில் தொடர்கிறது. அரைமணி நேரம் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் இலவசம், அதற்கு மேல் காசு. 2021இல் அறிவித்தபடி 10 ரூபாய்க்கு ஒரு நாள், 5 ஜிபி. தமிழக அரசு 2017இல் மெரினா உழைப்பாளர் சிலை உள்ளிட்ட 5 இடங்களில் அம்மா வைஃபை தொடங்கியது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டமோ டீக்கடைக்காரரும் உரிமம் இல்லாமலே வைஃபை விற்கலாம் என்றது. எஸ்டிடி பூத்தின் மறுபிறவி. டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். மாஸ்டர் தன் போனை எடுத்து, “என்னோடத போட்டுக்குங்க” என்பார்.

ஆக, தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள பொது வைஃபை மனிதர்களே. “கொஞ்சம் ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணுங்கண்ணே” என்று ரயில் பெட்டியில் கேட்டு மறுக்கப்பட்டவர் அரிது. சீட்டு தர மறுப்பவரும் டேட்டா தருவார். இவ்வகை வைஃபை நடக்கும், தூங்கும், விழுப்புரத்தில் இறங்கிவிடும். எந்த வரைபடமும் இதைப் பிடித்துவைக்க முடியாது என்பதே இவ்வாய்வின் முடிபு.

வரைபடம் இயலாதெனினும் பெயராவது ஒழுங்காக இருக்கலாம். ஒரே ரயில் பெட்டியில் ரெட்மி, ரெட்மி, இன்னொரு ரெட்மி என்று வரிசையாக வந்தால் யாருடைய கடவுச்சொல்லை எதில் போடுவது? எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஹாட்ஸ்பாட்டுக்குப் பெயர் சூட்டுங்கள், தமிழிலேயே சூட்டுங்கள். வைஃபைப் பெயருக்கு 32 பைட்தான் இடம். தமிழில் எழுத்துக்கும் தனிக்குறிக்கும் 3 பைட் வீதம் போகும். ‘தேநீர்க்கடை’ 33 பைட், ஒரு பைட்டில் தோற்றுவிடும். ‘டீக்கடை’ 21தான். ‘அப்பா போன்’ 28, தாராளமாக நுழையும்.