தொர வெச்சிருந்த துப்பாக்கி

வா மாப்ளே, உக்காரு. பழைய பி.எஸ்.ஏ. மார்டினி ரைபிள் ஒண்ணுக்கு அட்வான்ஸ் குடுக்கத் துடிச்சுட்டு இருக்கீன்னு உங்கம்மா போன்ல சொன்னா. பொண்ணு பார்க்கப் போனப்பக்கூட நீ இத்தனை அவசரப்படல. சரி, விக்கிற மனுசன் என்ன சொன்னார்? எஸ்டேட் தொர வெச்சிருந்தது, மொத்தமே ரெண்டு டப்பா தோட்டாதான் சுட்டது, பொறவு பீரோவுலயே கெடந்துச்சு. அதானே? நான் பார்த்த பழைய ரைபிள் அத்தனையும் தொர வெச்சிருந்ததுதான். இத்தனை தொரைங்க இருந்தும் ஒருத்தர்கூட சுடவே இல்லீங்கறதுதான் எனக்கு வெளங்காத சங்கதி.

அந்தத் துப்பாக்கியோட ஜாதகம் நல்ல ஜாதகந்தான், அதை நான் குறை சொல்லல. தென்னாப்பிரிக்காவுல போயர் விவசாயிங்க குறி தவறாம சுட்டதுல வெள்ளைக்காரன் ஆடிப்போயிட்டான். நம்மாளுங்களுக்குச் சுடத் தெரியலையேன்னு ராபர்ட்ஸ் பிரபு மாதிரி பெரிய தலைங்க முன்ன நின்னு, 1901ல சின்ன ரைபிள் கிளப்புகளுக்குன்னே ஒரு சங்கம் வெச்சாங்க. கணக்குப்பிள்ளையும் கடைக்காரனும் சாயங்காலமானா பாயிண்ட் டூ டூ ரைபிளைத் தூக்கிட்டுக் குறி பழகப் போனாங்க. பர்மிங்காம் பி.எஸ்.ஏ. கம்பெனி அவங்களுக்காகச் செஞ்சதுதான் இந்தச் சின்ன மார்டினி. அடியில இருக்கிற லீவரை இறக்கினா உள்ளாற பிளாக் சாயும், ஒரு தோட்டா போடு, மேல ஏத்து, சுடு. அவ்வளவுதான். நம்மூர்ல 1980களுக்கு அப்புறம் தனியாள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி பண்றது கிட்டத்தட்ட நின்னுபோச்சு. அதனால துருப்புடிச்சதுக்கும் பவுன் விலை சொல்றாங்க.

நீ அதுல என்னத்தப் பார்த்த? "கறுப்பு பளபளன்னு இருக்குது மாமா." காளை வாங்கப் போனவன் கொம்புல அடிச்ச பெயிண்ட்டைப் பார்த்துட்டா பணத்தை எண்ணுவான்? எம்பது, தொண்ணூறு வருசத்து இரும்பு மினுமினுத்தா அங்கதான் சந்தேகம் வரணும். மூணு துப்பாக்கியைச் சாய்ச்சு நிறுத்தின மாதிரி ஒரு முத்திரை இருக்குமே, அதோட ஓரம் கூர்மையா இருக்குதான்னு விரல் நகத்தால தடவிப் பாரு. மழுங்கியிருந்தா, யாரோ பட்டறையில வெச்சுத் தேய்ச்சு மறுபடி கறுப்பேத்தியிருக்காங்க. ஸ்க்ரூ தலையெல்லாம் கடிபட்டிருந்தா, உள்ளாற ஒரு அரைகுறை மெக்கானிக் போய்ட்டு வந்திருக்கார்னு அர்த்தம். அவர் என்ன பண்ணினார்னு நீதான் கண்டுபிடிக்கணும்.

முதல்ல லீவரை இறக்கி உள்ள தோட்டா இல்லைன்னு கண்ணால பாரு, விரல் விட்டும் பாரு. "லோடு இல்லீங்க"ங்கற வார்த்தையை நம்பாத, சொல்றது உங்க தாத்தாவா இருந்தாலுஞ் சரி.

அப்புறம் பேரல். எண்ணெய் பூசி வெச்சுக் காட்டுவாங்க, எண்ணெய் இருந்தா எல்லாமே மின்னும். உலர்ந்த துணியை ரெண்டு தடவை விட்டு இழுத்துட்டுப் பாரு. 1920கள்ல செஞ்ச துப்பாக்கின்னா இன்னும் உத்துப் பாரு. அந்தக் காலத்துத் தோட்டாவுல தீப்பத்த வைக்கிற மருந்துல பொட்டாசியம் குளோரேட் இருந்துச்சு. சுட்டதும் அது உப்பாகி பேரலுக்குள்ள படிஞ்சிரும், காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துத் துருவாக்கிரும். அன்னிக்கு ராத்திரியே கழுவாதவன் துப்பாக்கி உள்ளாற பூராவும் அம்மைத் தழும்பு. தோட்டா உக்கார்ற சேம்பரைத் தாண்டின உடனே, அடிப்பக்கத்துல பேரலுக்குள்ள சுத்தி ஓடுற புரி தேய்ஞ்சிருக்குதான்னும் பாரு. அந்த மருந்துல கலந்த கண்ணாடித் தூள் அங்கதான் தங்கி, அடுத்த குண்டுக்கு அடியில அரைபடும். இதெல்லாம் இருந்தாக்கூட சில பேரல் ஒழுங்காச் சுடும், அதனால உடனே முகத்தைச் சுழிக்காத. மன்னிக்கவே கூடாத இடம் முனை. குண்டு கடைசியா தொட்டுட்டுப் போற ஒரு அங்குலம் அது. முனைப்பக்கமிருந்தே கம்பி விட்டு வருசக்கணக்கா குத்தியிருந்தா, அந்த வட்டம் ஒருபக்கமா சாய்ஞ்சு தேய்ஞ்சிருக்கும். பேரலை வெளிச்சத்துக்கு நேரா மெதுவா உருட்டிப் பாரு. நிழல்கோடு எங்காவது நெளிஞ்சா, உள்ளாற ஒரு குண்டு சிக்கியிருக்கும்போது அடுத்ததைச் சுட்டு உப்ப வெச்சிருக்காங்க.

முனையில வட்டத்துக்குள்ள மெலிசா இன்னொரு வட்டம் தெரிஞ்சா பயந்துக்காத. பார்க்கர் ஹேல் கம்பெனி தேஞ்ச பேரலுக்குள்ள புதுப் புரி போட்ட குழாயைச் சொருகிக் குடுத்தாங்க. நல்லாச் சுடும். ஆனா அதுக்கு "ஒரிஜினல் பேரலுங்க"ன்னு விலை கேட்டார்னா, ஒரு காபி குடிச்சுட்டு எந்திரிச்சு வா.

பி.எஸ்.ஏ. மார்டினியிலயே இன்டர்நேஷனல் மாடல்னா ஒரு சௌகரியம். முன்னால இருக்கிற குறுக்கு ஆணியைக் கழட்டினா, மொத்த மெக்கானிசமும் கையோட இறங்கிரும். அப்ப சேம்பர் வாயில ஒரு தீக்குச்சியை வெச்சு மெதுவா சுத்திப் பாரு. ஓரத்துல ஒரு சின்ன மேடு தட்டுப்படுதா? வெறும் துப்பாக்கியை டிக் டிக்குன்னு அழுத்தி விளையாடினவங்க குடுத்த சீதனம் அது. இந்தத் தோட்டாவுக்கு அடி விழற இடம் விளிம்புதான். தோட்டா இல்லாதப்ப பின் போய் இரும்பு விளிம்பையே குத்தும், மேடு கிளம்பி தோட்டா நுழையவும் மாட்டாம வரவும் மாட்டாம மல்லுக்கட்டும். அடுத்து, காலியா இருக்கிறப்ப லீவரை இறக்கி ஏத்தி, கட்டைப் பக்கம் உள்ளங்கையால ஓங்கித் தட்டு. டிரிகரைத் தொடாமயே பின் தானா அடிச்சுச்சுன்னா, டிரிகர் லேசா இழுபடணும்னு, அதைப் பிடிச்சு நிறுத்தற சியரை யாரோ அரம் போட்டிருக்கான். அந்த அரம் போட்டவனைத்தான் நீ "தொர"ங்கற.

விக்கிறவர் அசரும்போது, குறி பார்க்கிற பின்பக்கச் சைட்டு இருக்குதான்னு பாரு. பார்க்கர் ஹேல் ஓட்டைச் சைட்டா இருந்தா, அதோட திருகு நடுவுல வழுக்காம ஒவ்வொரு கிளிக்கும் தனியாக் கேக்கணும். அது இல்லாம வாங்கினா, அதைத் தேடியே உன் சம்பளம் போயிரும்.

இவ்வளவும் பார்த்துட்டு, கிளப் ரேஞ்சுல 50 மீட்டர்ல சுட்டுத்தான் விலை பேசணும். பத்து மார்க் வட்டமே 10.4 மில்லிமீட்டர்தான், குண்டு 5.6. ரெண்டு மூணு கம்பெனித் தோட்டாவை மாத்திப் போடு. ஒரு பேரலுக்குப் பிடிச்ச தோட்டா இன்னொண்ணுக்குப் பிடிக்காது. அப்புறம் லைசென்ஸு. கை மாத்திட்டு வீட்டுக்குத் தூக்கிட்டு வர முடியாது. விக்கிறவர் கலெக்டருக்கோ ஸ்டேசனுக்கோ எழுதிக் குடுத்து 45 நாள் கழியணும். அந்த 45 நாள்ல உன் ஆசை தணிஞ்சா இன்னும் நல்லது.

ஆமா, சுட்டுப் பார்க்க விடமாட்டேன்னு அவர் மொரண்டு பிடிச்சா, அவர் நம்பரை எனக்குக் குடுத்துட்டுப் பேசாம போயிரு. என் லைசென்ஸ்ல ஒரு இடம் காலியா இருக்குது, அந்தச் சைட்டு ஒண்ணே எனக்குப் போதும்.