கிற்றார்த் தம்பி

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியில் முரசுமோட்டையை நோக்கிச் செல்லும் எவரும், இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு அருகே, முற்றத்து மாமரத்தின் கீழ்க் கதிரையைப் போட்டு, கனடாவிலிருந்து மாமா அனுப்பிய வாத்தியத்தை மடியிற் கிடத்தி, விழிகளை வானத்தில் செருகி வீற்றிருக்கும் ஒரு வாலிபரைத் தரிசிக்காமல் தமது யாத்திரையைப் பூர்த்தி செய்தல் அரிது. ஊருக்கு ஒருவராக வன்னியெங்கும் வியாபித்திருக்கும் இவ்வர்க்கத்தாரை நாம் ‘கிற்றார்த் தம்பி’ என்றே வழங்குவோம். அவர் ஒரு பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். சென்ற காலபோகத்திலும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

அவருடைய சங்கீத ஞானம் ஜி, சி, டி, ஈ மைனர் என்னும் நான்கு கோட்களில் அடங்கும். இதை அற்பமென்று கருதலாகாது. ஜி சுருதியின் ஒன்றாம், நான்காம், ஐந்தாம் ஸ்தானங்களில் பிறக்கும் முதல் மூன்றையும் மாறி மாறி மீட்டியே உலகில் எத்தனையோ பேர் கீர்த்தியடைந்திருக்கிறார்கள். ஆனால் சி சுருதிக்கு இடம்பெயர்ந்தால் எஃப் என்னும் கோட் குறுக்கிடும். சுட்டுவிரல் ஒன்றே ஆறு தந்திகளின் மேலும் குறுக்கே படுத்து அமுக்கவேண்டிய அந்தத் தபசுக்கு அவர் சித்தமாயில்லை. ஆகவே காதலோ, வெள்ளமோ, நெல் விலையோ, எதைப் பாடினும் ஜியில்தான் பாடுவார். குரல் அவ்வளவு தூரம் எட்டாவிட்டால் அது குரலின் அபராதம்.

பாட்டின் முகப்பில் வரும் ரிஃப் மட்டும் பரிபூரணமாக முடிந்துவிட்டது. தடித்த தந்திகளில் நாலைந்து சுரங்கள், அவ்வளவே. 1972இல் வெளிவந்த ‘ஸ்மோக் ஒன் த வோட்டர்’ பாட்டுக்கு டீப் பர்ப்பிள் குழுவினர் அமைத்த பிரக்கியாதி பெற்ற ரிஃபும் நான்கே சுரங்களாலானதுதான் என்றும், இரண்டுக்கும் சற்றே சாயல் தென்படுகிறதென்றும் யாரேனும் விநயத்தோடு சுட்டினால், “அவங்கள் முந்திப்போட்டாங்கள் அண்ணை” என்று பெருந்தன்மையுடன் மன்னித்துவிடுவார்.

மெல்லிய தந்தி அறுந்தால் முல்லைத்தீவுக் கரைக்குச் சென்று தங்கூசி வாங்கிவந்து கட்டுவார். “உது என்ன மீனுக்குத் தம்பி?” என்று அங்குள்ள சம்மாட்டியார் விசாரித்ததுண்டு. இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் குடல் நரம்புத் தந்திக்குப் பஞ்சம் வந்தபோது, நியூயோர்க்கில் அல்பேர்ட் ஒகஸ்ரின் என்பவர் நைலோனில் தந்தி செய்ய, ஸ்பானிய வித்துவான் செகோவியாவே அதை ஏற்று வாசித்தார். எனவே உபகரண விஷயத்தில் நம்மவர் உத்தம பரம்பரையைச் சேர்ந்தவர். செகோவியா அதன்பிறகு வாசித்தும் காட்டினார் என்பதே இருவருக்கும் உள்ள பேதம்.

இடர் முழுவதும் சாகித்தியத்தில் இருக்கிறது. நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடி ஈழத்துப் பொப் இசைக்கு வழி திறந்தபோது, மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கும் ஒரு சங்கதியே அவருக்குப் போதுமாயிருந்தது. நம்மவருக்கோ நிலா, மௌனம், பிரபஞ்சம் மூன்றும் முதலடியிலேயே வந்தாகவேண்டும். வந்த பின்னர் இரண்டாம் அடிக்கு மிச்சம் என்ன இருக்கும்? அந்த இடத்தை அவர் ‘ல ல லா’ என்று நிரப்பி வைத்திருக்கிறார். அருவி வெட்டுக் காலத்தில் சிந்து பாடி வளர்ந்தவரும், கோட் எதுவும் அறியாதவரும், ஆனால் பாடத் தொடங்கினால் வரம்பின் இக்கரையிலிருந்து அக்கரை போகுமட்டும் அடி தட்டாமற் பாடக்கூடியவருமான அம்மம்மா, பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் சொன்னார்: “மோனை, வாயில வாறதைப் பாடன். பாடிப்போட்டு அந்த மாட்டை அவிட்டு மாத்திக் கட்டு.”

இந்த உபதேசத்தை அவர் பொருட்படுத்தவில்லை; ஆனால் வேலிக்கு அப்பால் நின்ற சிறுவர்கள் பொருட்படுத்தினார்கள். மறுநாட் பின்னேரமே அந்த ரிஃபைத் தகரப் பேணியில் தட்டி, கட்டையில் நின்ற மாடு தானே கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அயல் வயலை மேய்ந்த சரித்திரத்தைப் பல்லவி, இரண்டு சரணங்கள் சகிதம் பாடிக்கொண்டு வீதியால் ஊர்வலம் போனார்கள். கேட்ட ஊரார் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார்கள். கிற்றார்த் தம்பி மாத்திரம் கதிரையை விட்டு எழுந்து, படலைக்கு விரைந்து, மகா கோபத்துடன் கூவினார்: “டேய், இரண்டாம் சரணத்தில ஈ மைனர் வரவேணுமடா!”