காற்றிறங்கு படலம்: சைதாப்பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

வீட்டு வாசலில் சும்மா நிற்கும் காரின் டயரில் காற்று ஏன் குறைகிறது என்ற கேள்வியைத் தமிழ் அறிவுலகம் இதுநாள்வரை பஞ்சர் கடைகளின் பொறுப்பில் விட்டுவைத்திருக்கிறது. அக்குறையை நீக்குவதே இந்நூலின் பயன்.

ஆய்வுக்களம் சைதாப்பேட்டை. இதற்குக் காரணம் மூன்று. அண்ணா சாலையில் கிண்டியிலிருந்து நகருக்குள் நுழையும் வண்டி எதுவானாலும் இங்கேதான் அடையாற்றைக் கடக்க வேண்டும். ஆதலால் ஆய்வுப் பொருளுக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது, இவ்வூரில் நீதிமன்றம் உண்டு. எந்த இழப்புக்கும் ஓர் எதிரி இருந்தே தீருவான் என்ற நம்பிக்கை இங்கு வேரூன்றியது. மூன்றாவது, ஆற்றுப் பாலத்துக்கு மறைமலையடிகள் பெயர். அவரோ சைவ சித்தாந்தத்தில் தோய்ந்தவர். ஆகவே சித்தாந்த நூல்களைப் போலவே இக்கட்டுரையும் பிறர் கொள்கையை மறுக்கும் பரபக்கம், தன் கொள்கையை நிறுவும் சுபக்கம் என்ற முறையில் செல்லும்.

வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இதே இடத்தில் ஆற்றைக் கடக்க 1726-ல் அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் தம் சொந்தப் பணத்தில் மர்மலாங் பாலத்தைக் கட்டினார். அதன்மேல் போன மாட்டுவண்டி, குதிரைவண்டி எதிலும் காற்று இறங்கியதாகச் சான்று இல்லை. இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரத்தில் இறங்குவதற்குக் காற்றே இல்லை. வினை தொடங்கியது 1845-ல். காற்றடைத்த சக்கரத்துக்கு ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை பெற்றார்; வாங்க ஆளில்லாமல் அது மறந்துபோனது. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். அன்று உள்ளே போன காற்று, அன்றே வெளியே வரவும் தொடங்கியது.

அளவை

சித்தாந்திகள் முதன்மையாகக் கொள்ளும் அளவைகள் காட்சி, கருதல், உரை என மூன்று. டயரைப் பொறுத்தவரை காட்சி என்பது கேஜ் காட்டும் பவுண்டு. கருதல் என்பது டயரைக் காலால் ஓர் எத்து எத்திவிட்டு, "இருக்கு, இருக்கு" என்பது. உரை என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் தெரியும் ஸ்டிக்கர். வண்டியைப் படைத்தவரின் வாக்கு ஆதலால் அதை ஆகமமாகக் கொள்வது மரபு.

மூன்றில் அதிகம் வழங்குவது கருதல். அதிகம் பொய்ப்பதும் அதுவே. ரேடியல் டயரின் பக்கச்சுவர் சரியான காற்று இருக்கும்போதும் கொஞ்சம் பிதுங்கியே நிற்கும்; ஐந்தாறு பவுண்டு குறைந்தாலும் கண்ணுக்கும் தெரியாது, காலுக்கும் தெரியாது. ஆகமத்தைக் கற்றோரோ மிகச் சிலர். பெட்ரோல் பங்கில் நடக்கும் வினாவிடை இதற்குச் சான்று.

"எவ்ளோ சார் போடணும்?"

"நார்மலா போடுப்பா."

இந்த 'நார்மல்' எந்த வண்டியின் ஸ்டிக்கரிலும் அச்சிடப்படாத அளவு. ஆயினும் கேட்டவரும் சொன்னவரும் மேற்கொண்டு விளக்கம் கோராமல் பிரிவதால், இதை வழக்கு என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

பரபக்கம்

முதலாவது, அயலார்வாதம். காற்று தானாக இறங்காது, யாரோ இறக்கிவிட்டார்கள் என்பது இதன் துணிபு. ஜீனிஸ் ரோட்டை ஒட்டிய சந்துகளைப் போல, ஒரு வண்டி நின்றால் இன்னொன்று நிற்க முடியாத தெருக்களில் இக்கொள்கைக்குப் பின்பற்றுவோர் மிகுதி. எதிர் வீட்டுப் பையன், மேல் மாடிக்காரர், கேட்டை மறித்து நிறுத்தியதற்காகச் சண்டை போட்டவர் எனச் சந்தேகப் பட்டியலும் தயாராக இருக்கும். இது பொருந்துமோ எனின், பொருந்தாது. என்னை? பகை கொண்டவன் ஒரு டயரைத் தரையோடு படுக்க வைப்பானே தவிர, நான்கிலும் மாதம் ஒரு பவுண்டு வீதம் ஒரே அளவாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டான். அத்தனை நிதானம் பகைக்குக் கிடையாது.

இரண்டாவது, ஆணிவாதம். இது பஞ்சர் கடைக்காரர்களின் மதம். காற்று குறைந்தால் ஆணி உண்டு. ஆணி அகப்படவில்லையென்றால் இன்னும் அகப்படவில்லை என்றே பொருள். தொட்டித் தண்ணீரில் டயரை அமுக்கி, சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது இவர்களின் சாதனை. மற்ற மூன்றும் நிலையாக நிற்க ஒரு டயர் மட்டும் வாரத்துக்கு வாரம் இறங்கினால் இவர்கள் சொல்வது மெய். அங்கே ஆணியோ, தேய்ந்த வால்வு பின்னோ, டயர் உட்காரும் ரிம் விளிம்பில் பிடித்த துருவோ நிச்சயம் இருக்கும். கடற்காற்று வீசும் ஊரில் துருவுக்குக் கேட்பானேன்! ஆனால் நான்கும் சேர்ந்து குறைவதற்கு இவர்களிடம் விடையில்லை. நான்கு டயரிலும் ஒரே நாளில் ஒரே ஆழத்துக்கு ஆணி ஏறியது என்று கொள்வது மிகைபடக் கூறலாகும்.

மூன்றாவது, கேஜ்வாதம். காற்று குறைவதே இல்லை, குறைவதாகத் தோன்றுவது கேஜின் மயக்கம் என்பது இவர்கள் கொள்கை; மாயாவாதத்துக்கு மிக அருகில் வருவது. இந்த பங்கில் 33 காட்டிய டயர் அடுத்த பங்கில் 30 காட்டுவதை இவர்கள் மேற்கோள் காட்டுவர். கருவிக்குக் கருவி பேதம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒரே கேஜை வீட்டில் வைத்துக்கொண்டு மாதாமாதம் பார்த்தாலும் முள் இறங்குகிறதே, அதற்கென் செய்வார்?

நான்காவது, பருவவாதம். இது முற்றிலும் தள்ளத்தக்கதன்று. அடைபட்ட காற்றின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும், குளிரோடு இறங்கும் என்று பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர் கியோம் அமோன்தோன் கண்டு சொன்னார். ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஒரு பவுண்டு குறையும். 38 டிகிரி கொதிக்கும் மே மாதப் பிற்பகலில் 33 பவுண்டு காட்டிய டயர், 22 டிகிரியில் மார்கழி விடியும்போது, ஒரு துளிக் காற்றும் வெளியே போகாமலே முப்பதரைக்கு வந்து நிற்கும். வண்டி ஓடினாலும் டயர் சூடேறி அழுத்தம் கூடும். தாம்பரத்திலிருந்து வெயிலில் ஓட்டிவந்து சைதாப்பேட்டை பங்கில் நிறுத்தி, "ஜாஸ்தியா இருக்கே" என்று காற்றைப் பிடுங்கிவிடச் சொல்பவர் மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு கிளம்புகிறார். ஸ்டிக்கர் சொல்லும் அளவு, வண்டி மூன்று மணி நேரமாவது நின்று ஆறிய டயருக்கு உரியது. இவ்வளவும் உண்மை. ஆயினும் குளிரில் இறங்கிய அழுத்தம் கோடையில் தானே திரும்பி ஏற வேண்டும். ஏறிய கணக்கில் எப்போதும் கொஞ்சம் உதைக்கிறது. அந்தக் கொஞ்சம்தான் நம் ஆய்வுப் பொருள்.

ஐந்தாவது, திருஷ்டிவாதம். ஆயுத பூஜையன்று நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய வண்டிகளிலும் ஐப்பசி முடிவதற்குள் காற்று குறைவதால், இம்மதம் விரிவான மறுப்பை வேண்டாதது.

சுபக்கம்

எனின், காற்று எவ்வழியே போகிறது? ரப்பரின் வழியேதான். ஓட்டை வழியாக அன்று, ஓட்டையே இல்லாத ரப்பரின் ஊடாக.

இதை முதலில் கவனித்தது டயர்க்காரர் அல்லர், பலூன்காரர். 1830-31 வாக்கில் ஃபிலடெல்ஃபியா மருத்துவர் ஜான் கியர்ஸ்லி மிட்செல், வாயு அடைத்த ரப்பர் பலூன்கள் எங்கும் கிழியாமலே சுருங்குவதைக் கண்டார். சுருங்கும் வேகம் வாயுவுக்கு வாயு மாறுவதையும் குறித்து வைத்தார். 1866-ல் தாமஸ் கிரஹாம் மேலே போனார். மெல்லிய ரப்பர் படலத்தின் வழியே காற்றை வெற்றிடத்துக்கு இழுத்தபோது, உள்ளே போகையில் நூற்றுக்கு 21 பங்காக இருந்த ஆக்சிஜன், வெளியே வருகையில் 41 பங்குக்கு மேல் இருந்தது. அவர் தந்த விளக்கம் இன்றும் நிற்கிறது: வாயு மூலக்கூறு ரப்பரின் ஒரு பக்கத்தில் கரைகிறது, உள்ளுக்குள் நகர்கிறது, மறுபக்கம் ஆவியாக வெளியேறுகிறது.

நகர இடம் ஏது? ரப்பர் என்பது நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளின் சிக்கல். அவை ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை, நெளிந்துகொண்டே இருக்கின்றன. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று ரங்கநாதன் தெருவில் மனிதர் போவதைப் போன்றதே இது: வழி என்று எதுவும் இல்லை, ஆனால் முன்னால் இருப்பவர் சற்றே ஒதுங்கும் நொடியில் ஓர் அடி வைக்கலாம். ஆக்சிஜன் மூலக்கூறு நைட்ரஜனைவிடச் சற்று ஒல்லி, ரப்பரில் கூடுதலாகக் கரையும் தன்மையும் உடையது. ஆகவே ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாகக் கடந்துவிடுகிறது. சூடு ஏற ஏறச் சங்கிலிகளின் நெளிவும் கூடும், கசிவும் கூடும். சென்னைத் தார்ச்சாலை இவ்வகையில் காற்றின் கட்சி.

இதைத் தடுக்க மனித குலம் சும்மா இருக்கவில்லை. இயற்கை ரப்பரில் செய்த பழைய ட்யூபுகள் காற்றை மிகத் தாராளமாக விட்டன. 1937-ல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவன வேதியியலாளர் வில்லியம் ஸ்பார்க்ஸும் ராபர்ட் தாமஸும் பியூட்டைல் ரப்பரை உருவாக்கினர். அதன் சங்கிலிகள் நெருக்கமாக அடைந்து, மந்தமாக நெளிபவை. இயற்கை ரப்பர் விடும் காற்றில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது விடாது. பிறகு ட்யூபே இல்லாத டயர் வந்தபோது, குளோரினோ புரோமினோ சேர்த்த பியூட்டைலை டயரின் உட்புறத்தில் ஒரு மெல்லிய அடுக்காகப் பரப்பினார்கள். இன்று காரில் காற்றைக் காவல் காப்பது அந்த அடுக்குதான். காவல் பலமானது; ஆனால் காவலரும் ரப்பர் இனத்தவரே என்பதால் முழுமையானதன்று.

இங்கே சென்னைக்கே உரிய ஒரு சான்று கிடைக்கிறது. நாடெங்கும் டயர் விற்கும் எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-ல் திருவொற்றியூரில் கே.எம். மம்மன் மாப்பிள்ளை தொடங்கிய பொம்மை பலூன் பட்டறையாகவே பிறந்தது. டயருக்கு அது வந்து சேர்ந்தது 1961-ல், அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் கூட்டுறவோடு. பலூனிலிருந்து டயருக்கு வந்தவர்களிடம் ரப்பரில் காற்று தங்கும் என்று யாரும் வாதாடியிருக்க முடியாது.

போகும் காற்று எவ்வளவு? சிறிய கார் டயரின் கொள்ளளவு ஏறத்தாழ முப்பது லிட்டர் என்று கொண்டால், ஒரு பவுண்டு குறைவது வெளிக்காற்றில் இரண்டு லிட்டர்; எடையில் இரண்டரை கிராமுக்கு உட்பட்டது. அயலார்வாதிகள் இத்தனை காலம் ஆள் தேடியது மாதத்துக்கு இந்த இரண்டு லிட்டருக்காக.

புறனடை

மேற்சொன்னவற்றுள் அடங்காதவை இங்கே தொகுக்கப்படுகின்றன.

நைட்ரஜன்: ஆக்சிஜன்தானே ஓடுகிறது, நைட்ரஜனையே நிரப்பினால் என்ன என்று டயர் கடைகள் கேட்கின்றன; காசும் கேட்கின்றன. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 31 வகை டயர்களில் 30 பவுண்டு நிரப்பி, ஓராண்டு வெளியில் வைத்துப் பார்த்து 2007-ல் முடிவை வெளியிட்டது. சாதாரணக் காற்று சராசரியாக 3.5 பவுண்டு இறங்கியது, நைட்ரஜன் 2.2. ஆதாயம் ஆண்டுக்கு ஒன்றே கால் பவுண்டு சொச்சம். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சாதாரணக் காற்றிலேயே 78 பங்கு நைட்ரஜன். ஆக்சிஜன் முந்திக்கொண்டு போகப் போக, மேலும் மேலும் காற்றடித்து வருபவரின் டயரில் நைட்ரஜனின் பங்கு தானே கூடுகிறது. விதிப்படி பெட்ரோல் பங்கில் காற்று இலவசம் ஆதலால், பொறுமை உள்ளவருக்கு நைட்ரஜனும் இலவசம்.

ஸ்டெப்னி: மேற்படி சோதனையில் டயர்கள் ஓடவே இல்லை, ஆயினும் இறங்கின. ஓடும் வண்டியில் சூடும் வால்வும் ரிம்மும் சேர்ந்து மாதம் ஒரு பவுண்டு வரை கொண்டுபோகும் என்றாலும், ஓடாமைக்கு விலக்கு இல்லை. இதை நேரில் காண விரும்புவோர் டிக்கியைத் திறக்கலாம். ஸ்டெப்னி ஆணியைக் கண்டதில்லை, வெயிலைக் கண்டதில்லை, எதிர் வீட்டுப் பையனும் அதைக் கண்டதில்லை. இருந்தும் வண்டி வாங்கியது முதல் யாரும் தொடாத ஸ்டெப்னி, பஞ்சரான இரவில் வெளியே வரும்போது பாதிக் காற்றோடு வருவது உலக வழக்கு. பரபக்கத்தார் அனைவரையும் ஒருசேர வாயடைக்கும் சாட்சி இதுவே.

அந்தச் சாட்சிக்கும் இப்போது ஆபத்து. 2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. அதன்படி, 3.5 டன் வரையுள்ள பயணிகள் வண்டியில் ட்யூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைத் தானே கண்காணிக்கும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாமான்களும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. இனிக் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். ஆனால் அது குறைந்ததை மட்டுமே சொல்லும். ஆக்சிஜன் போயிற்றா, ஆணி ஏறிற்றா, மேல் மாடிக்காரர் கைவரிசையா என்று சொல்லாது. எனவே ஜீனிஸ் ரோட்டில் அயலார்வாதம் உடனடியாக அழியும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.