கொடைக்கானல் பூட்டியல்: திறக்காத கதவுகள் குறித்து ஒரு முன்னாய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பூட்டு என்பது திருடனை வெளியே நிறுத்துவதற்காக உண்டானது என்று எல்லோரும் நம்பி வருகிறார்கள். கொடைக்கானலின் பழைய பங்களாக்களில் இந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. ஐப்பசி மழையில், காலடியில் பெட்டியும் கக்கத்தில் குடையுமாக வாசற்படியில் நின்று சாவியைத் திருகிக்கொண்டிருப்பவர் அநேகமாக வீட்டுக்குச் சொந்தக்காரராகவே இருக்கிறார். எந்தத் திருடனும் இவ்வளவு நேரம் ஒரு கதவோடு மல்லுக்கட்டியதாகத் தெரியவில்லை. ஆகவே, மலையூர்ப் பழம்பூட்டு உண்மையில் யாரைத் தடுக்கிறது, தடுக்கப்பட்டவரை உள்ளே அனுப்பிவைக்கும் பூட்டு ரிப்பேர்காரர் எதை ரிப்பேர் செய்கிறார் என்று இரண்டு வினாக்கள் எழுகின்றன.

இவற்றை ஆராய்ந்தவர் எவரும் இலர். அதே ஊரில் 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம், நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனின் முகத்தில் தோன்றும் புள்ளிகளைப் படமெடுத்துப் பாதுகாத்து வருகிறது. பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் நடப்பதற்குக் கிடைத்த கவனம், வாசற்கதவின் கீழ்மூலை வீக்கத்துக்குக் கிடைக்கவில்லை. இவ்வாய்வு இடைவெளியை நிரப்புவதே நம் நோக்கம்.

2. முன்னோடிகள்

லீவர் பூட்டை 1778இல் ஆங்கிலேயர் ராபர்ட் பாரன் செப்பனிட்டார். 1818இல் ஜெரெமையா சப் அதற்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தார். அவருடைய பூட்டில் தவறான சாவியோ கம்பியோ ஒரு லீவரை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டால் பூட்டு இறுகிக்கொள்ளும். அதன் பிறகு சரியான சாவியே வந்தாலும் முதலில் சமாதானப் பேச்சு நடத்தியாக வேண்டும். 1851இல் லண்டனில் ஏ. சி. ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், யாராலும் திறக்க முடியாது என்று சவால் விடப்பட்டிருந்த பிராமா பூட்டை 51 மணி நேரம் செலவிட்டுத் திறந்து 200 கினி பரிசு பெற்றார். அவர் கூரைக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்தார் என்பதும், பின்னால் நின்று “ஆச்சா, ஆச்சா?” என்று கேட்க வீட்டுக்காரர் இல்லை என்பதும் ஒப்பீட்டின்போது கருதத்தக்கவை.

தமிழ்நாட்டின் பங்களிப்பு திண்டுக்கல். அந்த ஊர்ப் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் மாங்காய்ப் பூட்டை அறியாத அரிசிக்கடை நம் பக்கம் அரிது. கொடைக்கானலும் திண்டுக்கல் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஒரே மாவட்டத்தில் கீழே பூட்டுகள் செய்யப்படுகின்றன, மேலே கதவுகள் திறக்க மறுக்கின்றன. நிர்வாக வசதி கருதிச் செய்த ஏற்பாடாக இதைக் கொள்வதற்கில்லை.

3. ஆய்வுக்களம்

1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள், சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இங்கே வீடு கட்டத் தொடங்கினார்கள். கல் சுவர், தகரக் கூரை, கனத்த மரக்கதவு, அந்தக் கதவின் உடலைக் குடைந்து உள்ளே பதித்த மார்ட்டிஸ் பூட்டு என்ற பாணி அப்படி வேரூன்றியது. காய்ச்சலிலிருந்து தப்பினார்கள், ஈரத்திலிருந்து தப்பவில்லை.

மரம் ஈரத்தை உறிஞ்சினால் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில் உப்பும். கொடைக்கானலில் அக்டோபர், நவம்பரில் மழை உச்சம். ஜனவரி முதல் மார்ச் வரை காய்ச்சல் காலம், அதாவது மரம் காயும் காலம். ஆகவே கதவு ஐப்பசியில் பெருத்து மாசியில் இளைக்கிறது. போதாக்குறைக்கு மேல் கீலின் திருகுகள் தளர்ந்து, கதவு தன் பாரத்திலேயே ஒரு பக்கம் தொங்குகிறது. பூட்டின் நாக்கு போய் விழ வேண்டிய ஓட்டையோ நிலையில் அசையாமல் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் மனஸ்தாபம். இதைத்தான் வீட்டுக்காரர்கள் “பூட்டு கெட்டுப்போச்சு” என்று சொல்கிறார்கள்.

4. ஒரு நேர்வு

சென்னையிலிருந்து வந்திறங்கிய ஓய்வுபெற்ற ஒருவர், தம் பாட்டனார் காலத்து வீட்டு வாசலில் தவிக்கிறார். ரிப்பேர்காரர் வருகிறார். பையைத் திறக்கவில்லை, பூட்டைப் பார்க்கவும் இல்லை. பஸ் டிக்கெட் ஒன்றை மடித்துக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே செருகி, மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டே வருகிறார். டிக்கெட் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அங்கே தோளைக் கொடுத்து, கைப்பிடியை மேல்நோக்கித் தூக்கி, மறுகையால் சாவியைத் திருப்புகிறார். கதவு திறந்துகொள்கிறது.

“பூட்டு நல்லாத்தேன் இருக்கு சார். கதவுதேன் தண்ணி குடிச்சிருக்கு.”

“அப்ப புதுசு ஒண்ணு மாட்டிரலாமாண்ணே?”

“மாட்டினா அதுவும் இதே ஓட்டையத்தான சார் தேடும்?”

இந்த ஒரு வாக்கியத்தில் பூட்டியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. அடுத்து நடந்தவை விரிவுரை மட்டுமே. கீல் ஓட்டையில் தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்துச் செருகித் திருகை இறுக்கினார். நிலைத் தகட்டின் ஓட்டையைக் கீழ்ப்பக்கமாக அரத்தால் கொஞ்சம் அகட்டினார். கதவை இழைத்துவிடச் சொன்னதற்கு மறுத்துவிட்டார்: மழையில் இழைத்தால் மாசியில் அந்தச் சந்து வழியாகக் காற்று குடியேறும்.

பிறகு பூட்டைக் கழற்றினார். உள்ளே வெள்ளையாக ஒரு கட்டி. மூன்று தலைமுறை அக்கறையோடு விட்ட தேங்காய் எண்ணெய் அது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கொடைக்கானல் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். அடுப்பில் உருக்கி ஊற்றியவர்கள் அது உள்ளே போய் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. சுரண்டி எடுத்துவிட்டு, பென்சில் கரியைத் தூளாக்கித் தூவினார். சாவி சத்தமில்லாமல் சுழன்றது.

5. சாவிகளின் வகைப்பாடு

பழைய வீட்டுச் சாவிக்கொத்து மூவகைப்படும். ஒன்று, எந்தக் கதவுக்கும் சேராத சாவி. இதை யாரும் தூக்கிப் போடுவதில்லை, எந்தக் கதவு என்று ஒருநாள் தெரியவரும் என்ற நம்பிக்கை. இரண்டு, எல்லா உள்ளறைக் கதவுகளுக்கும் சேரும் சாவி; பழைய அறைப்பூட்டுகளின் சாவிகள் ஒன்றுக்கொன்று பொருந்திப்போவது வழக்கம், குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ரகசியம் இது. மூன்று, சரியான சாவி. இது எப்போதும் சென்னையில் இருக்கும்.

6. எதிர்வாதம்

ஊருக்குள் உலாவும் காட்டெருமைகளுக்காகவாவது பூட்டு வேண்டாமா என்று கேட்கப்படலாம். காட்டெருமை முற்றத்தில் வந்து நிற்கும். அதற்கு வீட்டுக்குள் வேலை இல்லை. அது நிற்கும் வரை நமக்கும் வெளியே வேலை இல்லை. குரங்குக்கு வீட்டுக்குள் வேலை உண்டு. அது ஜன்னலைப் பயன்படுத்துகிறது. ஆக, பூட்டோடு நேருக்கு நேர் மோதுபவர் உரிமையாளர் ஒருவரே என்ற நம் கருதுகோள் வலுப்பெறுகிறது.

7. கூலிச் சிக்கலும் பரிந்துரைகளும்

புதுப்பூட்டுக்கு எவ்வளவு கேட்டாலும் பேரம் பேசாமல் தரத் தயாராக இருந்தவர், புதுப்பூட்டு வேண்டாம் என்று சொன்னவரிடம் “சும்மா தூக்கினதுக்கா இவ்வளவு?” என்று முகம் சுளிக்கிறார். பொருள் கைமாறாத இடத்தில் பணம் கைமாறுவது நம்மவர்களுக்குப் பிடிப்பதில்லை. விளைவு: எந்தக் கோளாறும் இல்லாத பித்தளைப் பூட்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன; புதுப்பூட்டு அதே கோணல் கதவில் ஏறி, அடுத்த ஐப்பசியில் கெட்டுப்போகிறது. ரிப்பேர்காரர்களும் மெல்ல உண்மையைச் சொல்வதை விட்டுவிட்டுப் பூட்டு விற்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

எனவே நம் பரிந்துரைகள் வருமாறு. பூட்டை மாற்றாமல் கதவைத் திறந்தவருக்கு, மாற்றித் திறந்தவரைவிடக் கூடுதல் கூலி தரப்பட வேண்டும். தேங்காய் எண்ணெய் தலைக்கும் சமையலுக்கும் மட்டுமே பயன்பட வேண்டும். கதவை ரிப்பேர்காரரிடம் மாசி, பங்குனியில் காட்ட வேண்டும், மழைக்காலத்தில் அல்ல. கூலியைக் கதவு திறப்பதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். வெளியே நனைந்துகொண்டிருப்பவருக்குத் தெரியும் நியாயம், உள்ளே போய்க் காப்பி குடித்தவருக்குத் தெரிவதில்லை.