பல வேலை, ஒரு கார்: பாபநாசம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இக்கட்டுரையில் பாபநாசம் என்பது தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ரயில் நிற்கும் பாபநாசத்தை மட்டுமே குறிக்கும். திருநெல்வேலிச் சீமைப் பாபநாசத்தின் அருவியை நினைத்துத் தோளில் துண்டோடு வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்வது நல்லது. எல்லை வரையறை முடிந்தது.

ஆய்வுச் சிக்கல் லண்டனிலிருந்து வந்தது. ஹாரோவில் இருக்கும் என் அக்கா மகன் மருந்தாளுநர். வாரத்தில் மூன்று நாள் ஒரு மருந்துக்கடை, இரண்டு நாள் இன்னொன்று. அந்த ஊரில் காருக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போதே 'எதற்கு ஓட்டுவாய்' என்று கேட்டுவிடுகிறார்கள். முதல் வகுப்பு: உறவு, வீடு, உல்லாசம். அடுத்த வகுப்பில் வேலைக்குப் போய்வருவதும் சேரும். ஆனால் நிரந்தரமான ஒரே வேலையிடத்துக்குத்தான். இரண்டாவது இடம் ஒன்று முளைத்தால் அது 'தொழில் உபயோகம்'. அதற்கு வேறு வகுப்பு, பெரும்பாலும் வேறு பணம்.

"ரெண்டு கடைக்கும் நடுவுல மூணு மைல்தான் மாமா. நம்ம ஊர்ல இதுக்கு எவ்வளவு வாங்கறான்?"

தெரியாது என்று ஒரு தாய்மாமன் சொல்லக் கூடாது. ஆராய்ந்து சொல்வதாகச் சொன்னேன். பதிலுக்கு என் ஐயம் ஒன்றையும் அவனிடம் வைத்தேன். சாவுக்குப் போவது எந்த வகுப்பு? உறவு என்றான். பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுச் சாவு, போகாவிட்டால் ஊர் பேசும் என்பதற்காகப் போவது, அது வேலையில்லையா? அவனுக்கு அப்போது பார்த்து சிக்னல் கிடைக்கவில்லை.

முந்தைய ஆய்வுகளைப் பார்ப்பது மரபு. தலைவன் வீட்டை விட்டுப் பிரியும் காரணங்களைத் தொல்காப்பியர் படிப்பு, போர், தூது, பொருள் என்று அப்போதே வகை பிரித்து வைத்திருக்கிறார். ஹாரோவில் கேட்கும் உபயோக வகைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காலையில் பொருள் தேடப்போய், மத்தியானம் தூது முடித்து, பொழுது சாயப் பகையையும் ஒரு கை பார்த்துவிட்டு வருகிற தலைவனை எந்தத் துறையில் வைப்பது என்பதற்குத்தான் வழி சொல்லவில்லை. முல்லைத் தலைவன் வீடு திரும்பும் அவசரத்தில் தேர்ப்பாகனை விரட்டுவான். இன்றைய காருக்குக் கட்டாயமான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, வண்டியின் சொந்தக்கார ஓட்டுநருக்குத்தான். பாகனுக்கு அது போகாது. இலக்கியத்தில் இதற்கு மேல் உதவி இல்லாததால் களத்தில் இறங்கினேன்.

களம் என் சித்தப்பா. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்கு முன் அவருக்கு ஒரே வேலை. ஓய்வுக்குப் பின் ஐந்து. பங்குனி முதல் வாரத்தில் ஒரு நாள் முழுக்க அவருடைய வெள்ளை ஆல்டோவில் முன்சீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை ராஜகிரிப் பக்கம் வயல். எட்டரைக்கு வீடு, இட்லி. பத்து மணிக்கு அய்யம்பேட்டையில் ஓர் உரக்கடையில் கணக்கு. ஒரு மணிக்குக் கபிஸ்தலம் ரைஸ்மில், அங்கேயும் கணக்கு. மூன்று மணிக்குக் கோயில் திருப்பணிக் கமிட்டி. அதற்கு இவர்தான் பொருளாளர். ஐந்தாவது வேலைக்குப் பெயர் கிடையாது. தாலுகா ஆபீசுக்குத் தனியாகப் போகப் பயப்படுகிறவர்களுக்குத் துணையாகப் போவது. சம்பளம் ஒரு டிகிரி காபி.

இதில் வீட்டிலிருந்து வேலைக்குப் போன தடங்கள் இரண்டே. வீடு திரும்பியதை விட்டால் மிச்சமெல்லாம் வேலையிலிருந்து வேலைக்கு. அந்த நடுப்பாதை யாருடையது என்பது நம் நாட்டுச் சட்டத்தில் பழைய கேள்வி. 1958இல் சௌராஷ்டிரா உப்பு நிறுவன வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலை முடிந்து படகில் கழி கடந்த உப்பளத் தொழிலாளர்கள் மூழ்கி இறந்துபோனார்கள். வேலையிடம் என்பது உப்பளத்தோடு முடிகிறதா, வழியிலும் கொஞ்சம் நீள்கிறதா? ஓர் அளவு வரை நீளலாம் என்று கொள்கையை ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அந்தப் படகுத்துறை வரை நீளாது என்று சொல்லிவிட்டது. 2010இல் இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தி, வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகிற வழி விபத்தைச் சேர்த்தார்கள். அந்த வாசகத்திலும் இரண்டு முனைகள்தான்: ஒரு வீடு, ஒரு வேலை. ஐந்து முனை உள்ள மனிதனை யாரும் யோசிக்கவில்லை.

ஆனால் அதெல்லாம் வேலை விபத்து இழப்பீட்டுக் கதை. கார் பாலிசி வேறு சரக்கு. ஏஜென்ட் தம்பியை வீட்டுக்கு வரவழைத்து, இதுவரை யாரும் பிரித்திராத அந்த மடிப்புக் காகிதத்தைத் திண்ணையில் விரித்தோம். 2002ஆம் ஆண்டு மோட்டார் டாரிஃபில் வந்த வாசகம்; கட்டண விகிதங்கள் பின்னால் மாறினாலும் இது அப்படியே இருக்கிறது. தனியார் காரை எந்தக் காரியத்துக்கும் ஓட்டலாம், கீழ்க்கண்டவை நீங்கலாக: வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, பந்தயம், பிறர் வண்டிக்கு வேகம் கொடுத்து முன்னோடுவது, வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை, மோட்டார் வியாபாரம். அவ்வளவுதான். எத்தனை வேலை, எத்தனை இடம் என்ற பேச்சே இல்லை. ஆல்டோவின் என்ஜின் 1000 சிசிக்குக் கீழே. 2022இல் அரசு நிர்ணயித்தபடி மூன்றாம் நபர் பிரீமியம் 2,094 ரூபாய். ஒரு வேலைக்குப் போனாலும் அதே 2,094, ஐந்துக்குப் போனாலும் அதே. லண்டனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்த பதிலோடு நிறுத்துகிறவன் ஆய்வாளன் அல்ல.

விலக்குகளைச் சித்தப்பாவின் மீது ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். நம்பகத்தன்மைச் சோதனை தினமும் விடிகாலை ஐந்தரைக்கு நடக்கிறது: சாவியைத் திருகினால் வண்டி கிளம்புமா, கிளம்பாதா. கும்பகோணம் ரோட்டில் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே ஒட்டி வரும் தனியார் பஸ்ஸுக்கு நாம் பயந்து விலகும் வரை கொடுக்கிற வேகம், 'முன்னோடுவது' ஆகுமா? ஏஜென்ட் தம்பி இதைக் கம்பெனியில் கேட்கமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்.

உண்மையில் கழுத்தைப் பிடிக்கிற விலக்கு முதலாவது. அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டேஷன் வாசலில் ஒரு தம்பதி, வெளியூர். திருக்கருகாவூருக்கு பஸ் எப்போது என்று கேட்டார்கள். கர்ப்பரட்சாம்பிகையைப் பார்க்க வந்த பெண்ணை பஸ்ஸுக்கு நிற்க வைப்பது பாவம் என்று சித்தப்பா கதவைத் திறந்துவிட்டார். கோயில் வாசலில் இறங்கும்போது அந்தப் பையன் இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை டாஷ்போர்டில், அம்பாள் படத்துக்குக் கீழே வைத்தான். "பெட்ரோலுக்கு வெச்சுக்கங்க சார்." சித்தப்பா வேண்டாம் என்றார். இரண்டாவது தரமும் வேண்டாம் என்றார். மூன்றாவது தரம் சொல்லவில்லை.

அந்தக் கணத்தில் வெள்ளை நம்பர் பலகை லேசாக மஞ்சளடித்ததாக எனக்குப் பட்டது. வாடகைக்கு ஓட்டினால் பாலிசியே செத்துவிடுமா? முழுக்க இல்லை. 2008இல் உச்ச நீதிமன்றத்தில் நிதின் கண்டேல்வால் வழக்கு. சொந்த உபயோகம் என்று பதிந்த வண்டி திருடு போய்விட்டது; வாடகைக்கு ஓட்டியதால் பணம் தரமாட்டோம் என்றது காப்பீட்டு நிறுவனம். திருட்டுக்கும் வாடகைக்கும் என்ன சம்பந்தம் என்ற வகையில் யோசித்த நீதிமன்றம், 75 சதவீதம் கொடுக்கச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது. ஆக அந்த 200 ரூபாய், வண்டி மதிப்பில் கால் பங்கைப் பணயம் வைத்து வாங்கிய 200. இதைச் சொன்னதும் சித்தப்பா தாள்களை எடுத்துக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வந்தார். தாலுகா ஆபீஸ் காபி கூலியில் சேருமா என்று அவர் கேட்டதற்கு, ஆறிப்போயிருந்தால் சேராது என்று தற்காலிகத் தீர்ப்பு வழங்கினேன்.

இதைவிட நுணுக்கமான ஒன்று ரோட்டிலேயே கிடந்தது. பங்குனியில் இங்கே தார்ச்சாலை ரோடு மட்டுமல்ல, களமும்தான். ஒரு பாதியில் தாளடி நெல் காயும், ஓரத்தில் காவலுக்குக் கருங்கல் வரிசையோடு. இன்னொரு பாதியில் உளுந்துச் செடியை வேரோடு பிடுங்கிப் பரப்பியிருப்பார்கள். போகிற வண்டிகள் அதன் மேல் ஏறிப் போகும், நெற்று வெடிக்கும், பொழுது சாயச் செடியை உதறித் தூற்றி மூட்டை கட்டுவார்கள். உளுந்தைப் பார்த்ததும் சித்தப்பா இரண்டாவது கியருக்கு வந்தார். சக்கரத்துக்கு அடியில் பட்பட்டென்று மெல்லிய சத்தம்.

"வேகமாப் போனா தெறிச்சு வாய்க்கால்ல விழுந்துடும்டா தம்பி."

"யாரு உளுந்து சித்தப்பா?"

"யாருக்குத் தெரியும்?"

அவருக்கு ஐந்து வேலை என்று நோட்டில் எழுதியிருந்ததை அடித்து ஆறு என்று திருத்தினேன். ஆறாவது, முகம் தெரியாத ஒருவருக்குக் கூலியில்லாமல் உளுந்தடிப்பது. கூலி இல்லாததால் விலக்கிலும் வராது. வேலைக்குப் போகிற வழியே இன்னொருவரின் வேலையிடம். அதில் நம் சக்கரமும் ஒரு ஆள். ஹாரோ படிவத்தில் இதை நிரப்ப எந்தக் கட்டமும் இல்லை.

கடைசியாகச் சரக்கு. அந்த விலக்குக்குள்ளேயே ஒரு விலக்கு உண்டு: சொந்த மூட்டை முடிச்சும் மாதிரிப் பொருளும் ஏற்றலாம். டெல்டாக்காரனை மனத்தில் வைத்து எழுதியதுபோலவே இருக்கிறது. சித்தப்பா மஞ்சப்பையில் இரண்டு கை நெல்லை எடுத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போவார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று கருவியில் பார்த்து வருவதற்கு. அது மாதிரி. சந்தேகமே இல்லை. ஆனால் ரைஸ்மில்லுக்குப் போகும் நாளில் டிக்கியில் ஒரு முழு மூட்டை வெள்ளைப் பொன்னி கிடக்கும், வீட்டுச் சாப்பாட்டுக்கு அரைக்க. அது சொந்தச் சாமானா, சரக்கா? ஒரு மூட்டை சாமான் என்றால் எத்தனையாவது மூட்டையில் அது சரக்காகும்? பக்கத்தில் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது, மூவாயிரம் கலம் பிடிக்கும் என்பார்கள். மூட்டைக்கு இரண்டு கலம் என்ற பழைய கணக்கில், நடைக்கு ஒரு மூட்டையாக ஆல்டோவில் அடித்தால் ஆயிரத்தைந்நூறு நடை. ஒவ்வொரு நடையும் தனித்தனியே சொந்தச் சாமான்தான் என்று வாதாட இடமிருக்கிறது. ஏஜென்ட் தம்பி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார்.

ஆய்வு முடிவை ஹாரோவுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் ரைஸ்மில்லுக்குக் கிளம்பும்போது சித்தப்பா டிக்கியைத் திறந்து காட்டினார். அதே மூட்டை. அதன் மேல் உரக்கடை மார்க்கர் பேனாவால், கணக்குப்பிள்ளையின் குண்டு எழுத்தில், 'மாதிரி' என்று எழுதியிருந்தது.