இதோ வந்துடுச்சு சார்!

முதல் முறையாக அரை மாராத்தான் ஓடப் போகிறவர்களுக்கு, கடைசி ஐந்து கிலோமீட்டரைத் தாண்ட ஒரு உபாயம் இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிடுகிறேன். அதற்கு முன்னால், பட்டினப்பாக்கத்தில் டீ கிளாசோடு நின்ற மஞ்சள் சட்டைக்காரரைக் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். ஓடியது ஞாயிற்றுக்கிழமை. புதன் ஆகியும் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்குகிறேன். தொடைவலி குறைந்தால் கோபமும் குறையலாம். இன்றைக்கு இரண்டுமே குறையவில்லை.

அந்த மனிதருக்கு என்மேல் எந்த விரோதமும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். காலை ஆறு மணி, தெருவிளக்கு அணையவில்லை. எட்டாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டி வருகிறேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. கிளாஸை உயர்த்தி, "இதோ வந்துடுச்சு சார், அவ்ளோதான்!" என்றார்.

எது ஐயா வந்துடுச்சு? பாக்கி பதின்மூன்று கிலோமீட்டர். பட்டினப்பாக்கத்திலிருந்து அவ்வளவு தூரம் போனால் மீனம்பாக்கத்தில் விமானமே ஏறிவிடலாம்.

பொய் என்று மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. கால் படிக்காதது, யார் சொன்னாலும் நம்பும். 'வந்துடுச்சாம்' என்று காதில் விழுந்ததும் எகிறிக்கொண்டு ஓடியது. இருநூறு மீட்டர் போய்ப் பார்த்தால் அதே சாலை, அதே இருட்டு, எனக்கு முன்னால் அதே பச்சை பனியன்காரர். அதன்பிறகு காலைச் சமாதானப்படுத்தி வேலைக்குக் கூப்பிடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

குளியலறையில் நின்றுகொண்டு "கிண்டி தாண்டிட்டேன்" என்று போனில் சொல்கிற ஊர் இது, தெரியும். கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்டால் "நடக்கிற தூரம்தான்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போவார்கள், அதுவும் தெரியும். ஆனால் ஓட்டப் பந்தயத்தின் தூரம் அப்படி வாய்க்கு வந்தபடி சொல்கிற தூரம் இல்லை. 21.0975 கிலோமீட்டர். கடைசி அரை மீட்டர் வரைக்கும் கணக்கு. முறைப்படி அளக்கிறவர்கள் சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்று ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் எஃகு நாடாவால் ஒரு நீளத்தை அளந்து, அதில் சைக்கிளைப் பலமுறை ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். பிறகு வளைவுகளில் நடைபாதை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டு, இருப்பதிலேயே குறுகிய வழியாக முழுப் பாதையையும் ஓட்ட வேண்டும். பாதை எங்கேயும் குறைந்துவிடக் கூடாதே என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகப் போடுகிறார்கள். வெயில் ஏறினால் டயரில் காற்று விரியும் என்று கடைசியில் மறுபடியும் சரிபார்க்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டு அளந்த பாதையில் ஒருவர் டீ குடித்துக்கொண்டே பதின்மூன்று கிலோமீட்டரைத் தள்ளுபடி செய்கிறார்!

அவரையாவது மன்னிக்கலாம், அவர் ஓடவில்லை. தண்ணீர் கொடுக்க நின்ற கல்லூரிப் பிள்ளைகள் "கமான் அங்கிள், ஆல்மோஸ்ட் தேர்!" என்றார்கள். பத்தாவது கிலோமீட்டர்கூட ஆகவில்லை. ஆல்மோஸ்ட் எங்கே, ஆஸ்பத்திரியிலா? ('அங்கிள்' என்றதைப் பற்றித் தனிக் கட்டுரை வருகிறது.) மன்னிக்கவே முடியாதவர்கள் எதிர்ப்பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்த ஓட்டக்காரர்கள்தான். கலங்கரை விளக்கத்துக்கு அந்தப் பக்கம் யு-டர்ன். அந்த ஆரஞ்சு கூம்பை ஒரு சுற்று சுற்றிவிட்டு இப்போதுதான் வருகிறார்கள். அது எங்கே இருக்கிறது என்று உலகத்தில் வேறு யாரையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் ஒருவர், என்னோடு வாரக் கடைசியில் பயிற்சி செய்கிறவர், கட்டை விரலை உயர்த்தி, "டர்ன் அங்கதான் பாஸ், நூறு மீட்டர்!" என்று சொல்லிவிட்டுப் போனார். முக்கால் கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. இனி அவருக்கு என் உப்பு மாத்திரையில் பங்கு கிடையாது.

சென்னையின் முன்னாள் மேயர் மா. சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாராத்தான்கள் ஓடியிருக்கிறார். எத்தனை ஆயிரம் 'வந்துடுச்சு சார்' கேட்டிருப்பார் என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. அரசியலில் இருப்பவர், பழகியிருக்கும்.

ஆதரவாக நாலு வார்த்தை சொன்னால் என்ன கெட்டுவிடும் என்று என் மனைவி கேட்டாள். கெட்டிருக்கிறது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கிய மாராத்தானை அரச குடும்பம் உட்கார்ந்திருந்த மாடத்தின் முன்னால் முடித்தார்கள். 1921-இல் அந்த நீளத்தையே எல்லோருக்குமாக நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதில் பாதியைத்தான் நான் ஓடிக்கொண்டிருக்கிறேன். அந்த லண்டன் ஓட்டத்தில் முதலாவதாக அரங்குக்குள் வந்தவர் இத்தாலியின் டொராண்டோ பியெட்ரி. வழி தெரியாமல் தப்பான பக்கம் திரும்பினார், விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். அதிகாரிகளுக்கு மனசு கேட்கவில்லை. தாங்கிப் பிடித்துக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். அந்த உதவிக்காகவே அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள், தங்கம் அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸுக்குப் போய்விட்டது. மறுநாள் பியெட்ரிக்கு அரசி அலெக்சாண்ட்ரா ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தாராம். மனசு கேட்காதவர்களால் ஓட்டக்காரனுக்கு வந்த கதி இது. அன்றைக்கு லண்டனில் டீயும் கிடைத்திருக்கும்.

உண்மை பேசிய ஒரே ஆளையும் சொல்லிவிட வேண்டும். திரும்பும் வழியில், அடையாறு சிக்னலில் நின்ற போக்குவரத்துக் காவலர். பேச மூச்சில்லாமல் கையை மட்டும் ஆட்டி, இன்னும் எவ்வளவு என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நிறைய இருக்கு சார். ஓரமா போங்க, ஏழரைக்கு வண்டிய விடணும்." காதில் தேன் வந்து பாய்ந்தது. அடுத்த இரண்டு கிலோமீட்டரைத்தான் அன்றைக்கு ஒழுங்காக ஓடினேன்.

எல்லைக் கோட்டைத் தாண்டினேன், பதக்கம் போட்டார்கள், பொங்கலில் முந்திரி இல்லை. என் கைக்கடிகாரம் 21.4 கிலோமீட்டர் என்றது. வாட்ஸ்அப் குழுவில் உடனே பாதை தப்பு, அளவு தப்பு என்று சண்டை. பாதையெல்லாம் சரிதான். வாழைப்பழ மேசைக்கு இந்தப் பக்கமும் ஸ்ப்ரே அடிக்கிற பெண்ணிடம் அந்தப் பக்கமும் குறுக்கே குறுக்கே போனால் சைக்கிள்காரரா பொறுப்பு? இதைச் சொன்னதற்குத்தான் என்னைக் குழுவில் யாரும் இப்போது பேசவிடுவதில்லை.

உபாயத்தைப் பற்றி எழுத இடம் போதாது போலிருக்கிறது. அவசரமான வேறு வேலை ஒன்று இருக்கிறது. 'தயவுசெய்து தூரம் சொல்லாதீர்கள்' என்று நெஞ்சில் பெரிய எழுத்தில் அச்சடித்த பனியன் ஒன்று வேண்டும் என்று திருப்பூரில் தெரிந்தவரிடம் கேட்டேன். "நூறு பீஸுக்குக் குறைஞ்சு ஓட்ட முடியாதுங்க" என்கிறார். ஆகவே தொண்ணூற்றொன்பது பேர் தேவை. நிறம், விலை எல்லாம் பேசிக்கொள்ளலாம். எக்ஸ்எல்லில் ஒன்று எனக்கு, அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.