வாரம் ஒரு கடையடைப்பு

மியூனிக்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

இந்த ஊரில் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள் கொத்தமல்லி வாங்கி வைக்காத வீட்டில் ஞாயிறு ரசம் மொட்டை ரசம்தான். மளிகை, ஜவுளி, செருப்பு, ஆணி விற்கிற கடை வரைக்கும் ஷட்டர் இறங்கிவிடும். நம் பக்கம் கடையடைப்பு என்றால் அதற்கு ஒரு கட்சி, ஒரு கோரிக்கை, உடைக்க நாலு பஸ் கண்ணாடி வேண்டும். இங்கே வாராவாரம் நடக்கிறது. கோஷமும் இல்லை, கல்லும் பறப்பதில்லை. கடையோடு விட்டார்களா என்றால் இல்லை. சுவரில் துளை போடக்கூடாது, புல் வெட்டும் மெஷினை எடுக்கக்கூடாது. தெருமுனையில் பழைய பாட்டில் போடும் தொட்டிகள் நிற்கும். வெள்ளைக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று. போடும் ஓட்டைக்குப் பக்கத்திலேயே நேரம் குறித்த ஸ்டிக்கர்: திங்கள் முதல் சனி வரை மட்டும். காலி பாட்டில் உள்ளே விழுந்து உடைகிற சத்தம் அக்கம்பக்கத்தாரின் ஓய்வைக் கெடுக்குமாம். சர்ச் மணிக்கு மட்டும் இந்தச் சட்டமெல்லாம் பொருந்தாது. அது அடிக்கிற அடியில் நூறு பாட்டில் உடைந்தாலும் காதில் விழாது என்பது வேறு விஷயம்.

இதைக் கேட்டால் பழைய கிறிஸ்தவ வழக்கம், விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். விஷயம் அதைவிடக் கெட்டி. ஜெர்மனி 1919இல் எழுதிய வைமர் அரசியல் சாசனத்தில் ஞாயிறை ஓய்வுக்கும் மன உயர்வுக்கும் உரிய நாளாகப் பாதுகாக்க வேண்டும் என்று ஒரு பிரிவு வைத்தார்கள். 1949இல் புதுச் சாசனம் எழுதியபோது அதை அப்படியே எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். இடையில் ஹிட்லர் வந்து போய், ஒரு உலகப்போர் முடிந்து, நாடே இரண்டாகப் பிளந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிழைத்துக்கொண்டது. பின்னாளில் பெர்லின் மாநில அரசு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறும் கடை திறக்கலாம் என்று சட்டம் போட்டது. சர்ச்சுகள் வழக்குப் போட, 2009 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்றது. வியாபாரிக்கு விற்க ஆசை, வாங்குபவருக்கு வாங்க ஆசை, இந்த இரண்டும் ஞாயிறைத் திறக்கப் போதுமான காரணம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அந்த இரண்டு ஆசையைத் தவிர வியாபாரத்தில் வேறென்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பது இங்கே வரை கேட்கிறது.

கடை வைத்திருக்கிற நீங்கள், ஒருநாள் கடையை மூடினால் வாடிக்கை எதிர்க்கடைக்குப் போய்விடும், போன வாடிக்கை திரும்பாது என்பீர்கள். ரொம்ப சரி. தனியாக மூடுகிறவன் ஏமாளி. ஆனால் எதிர்க்கடையும் மூடியிருந்தால்? ஊர்க்கடை எல்லாம் மூடும் மே 5 வணிகர் தினத்தன்று உங்களுக்கு வராத கவலை மே 6 காலையில் வந்துவிடுகிறதே, அந்த வித்தியாசம்தான் இங்கே சட்டமாக இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து மூடும்போது எவனுக்கும் நஷ்டமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கல்லா முன் நிற்கிற வரிசையைப் பார்த்தால் ஞாயிறு வியாபாரம் எங்கே போகிறது என்பது விளங்கிவிடும்.

சரி, கடை திறந்திருக்கட்டும், வேலையாளுக்கு ஆளுக்கொரு நாள் விடுப்பு கொடுத்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. நம் தமிழ்நாட்டில் 2019இல் கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று ஆணை வந்தபோது அந்த ஏற்பாடுதான்: சுழற்சி முறையில் வாரம் ஒருநாள். கணக்கில் ஓய்வு சரியாக இருக்கும். ஆனால் ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்ணுக்கு செவ்வாய் விடுப்பு, புருஷனுக்கு வியாழன், பிள்ளைக்கு ஞாயிறு என்றால் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவது தீபாவளிக்குத்தான். (அந்தப் பெண் உட்கார ஒரு நாற்காலி தர வேண்டும் என்பதற்கே 2021இல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது.) தனியாக ஓய்வெடுத்தால் தூங்கலாம், துணி துவைக்கலாம். ஊரோடு ஓய்வெடுத்தால்தான் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகமுடியும்.

ஊரோடு ஓய்வெடுப்பதை டிவியிலும் பார்க்கலாம். 1970இல் ஆரம்பித்த 'டாட்ஓர்ட்' என்கிற துப்பறியும் தொடர் இன்னும் ஞாயிறு இரவு எட்டேகாலுக்குத்தான் வருகிறது. எட்டு மணிச் செய்தி பதினைந்து நிமிஷம், முடிந்த கையோடு கொலை. ஒரு வாரம் மியூனிக்கில் பிணம் விழும், அடுத்த வாரம் கொலோனில். கைபேசியில் நினைத்த நேரத்தில் பார்க்க வசதி இருந்தும் கோடிக்கணக்கில் இல்லாவிட்டாலும் லட்சக்கணக்கில் ஜனம் அந்த நேரத்தில் உட்காருகிறது. மது விடுதியில் திரை கட்டிக் கும்பலாகப் பார்க்கிறவர்களும் உண்டு. திங்கட்கிழமை ஆபீசில் கொலைகாரனைத் திட்ட ஆள் வேண்டுமே!

ஓட்டை இல்லாமல் இல்லை. நர்ஸுக்கும் ரயில் ஓட்டுநருக்கும் ஞாயிறு கிடையாது. பேக்கரி சில மணி நேரம் திறக்கிறது. ரயில் நிலையக் கடைகள் பயணிகளுக்காக என்று திறந்திருக்கும். டிக்கெட்டே இல்லாத பயணிகள் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பயணமாவார்கள். ஆன்லைனில் ஆர்டர் போடவும் தடையில்லை, பெட்டி மட்டும் அன்று வராது. வேடிக்கை ஹெஸ்ஸன் மாநிலத்தில் நடந்தது. ஆளே இல்லாத தானியங்கிக் கடையும் ஞாயிறு மூடவேண்டும் என்று அங்கே நீதிமன்றம் சொல்லிவிட்டது. மெஷினுக்கு வார விடுப்பு! பிறகு 2024இல் சட்டத்தைத் திருத்திச் சிறிய கடைகளை விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால் நீதிமன்றம் சொன்னதில் தப்பில்லை. அடுத்த கடைக்காரன் அதைக் காட்டித்தானே தன் ஷட்டரைத் தூக்குவான்.

அத்தைக்கு என் நமஸ்காரம். எனக்குக் கொத்தமல்லிக்கு என்ன வழி என்று கேட்டு எழுதியிருந்தார்கள். ஜன்னல் தொட்டியில் தனியா தூவினால் போதும் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை முளைக்கக்கூடாது என்று இதுவரை சட்டம் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்